கணினி கணித்த பிறகு யார் வருவார்?

(ராயகிரியில் நடந்த பொதுநிகழ்ச்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவத்தில் கணினி, தகவல் பகிர்வு, செயற்கை நுண்ணறிவு: இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இதெல்லாம் சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் பேச வேண்டியது, ராயகிரியில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் ஊரில் இப்போது பால்வாடிக்குப் போகிற பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே கணினியில் ஏறிவிட்டவர்கள். கர்ப்பம் உறுதியானதும் நர்சம்மா 'பிக்மி' என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் தாயின் பெயரைப் பதிகிறார். 12 இலக்கத்தில் ஒரு எண் வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு அந்த எண் வேண்டும். பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்ணைக் கேட்கிறார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே எண் வந்துவிடுகிறது.

பிள்ளைகளோடு முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அன்றிலிருந்து பிரஷரும் சுகரும் உள்ளவர்களின் வீட்டுக்கே தன்னார்வலப் பெண்கள் வருகிறார்கள். "ஆச்சி, மாத்திர ஒழுங்கா போடுதீளா?" என்று கேட்டபடியே பிரஷர் பார்க்கிறார்கள், விரலில் குத்திச் சுகர் பார்க்கிறார்கள், நோட்டில் எழுதுகிறார்கள். அது பிறகு கைபேசி வழியாகக் கணினிக்குப் போகிறது. ஆக, நாம் இதற்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் அல்ல. நம் ரத்த அழுத்தம், நம் சர்க்கரை, நம் கர்ப்பம் எல்லாம் உள்ளே போய்க் கொஞ்ச காலம் ஆகிவிட்டது.

உள்ளே போனது என்ன ஆகிறது? அதனால் நமக்கு என்ன திரும்பி வருகிறது? இந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்று உங்களிடம் விட்டுவிட்டுப் போக வந்திருக்கிறேன். திரும்பி வருவது என்று நான் சொல்வது குறுஞ்செய்தியை இல்லை. மருந்து வர வேண்டும், ஆள் வர வேண்டும், படுக்கை கிடைக்க வேண்டும். தகவலை வாங்கிக்கொண்டு இவற்றைத் தராத எந்த ஏற்பாடும், அது எவ்வளவு புத்திசாலியான கணினியாக இருந்தாலும், நமக்கு மருத்துவம் ஆகாது.

காசநோயில் நடந்தது

பொதுவாகப் பேசுவதைவிட, நம் மாநிலத்திலேயே நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். காசநோய்.

இந்த நோயின் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியம்; மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குடும்பத்தை விட்டுப் படுத்திருக்க வேண்டும். வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவுக்குக் குணமாகிறது, வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றுவதும் இல்லை என்று அந்த மையத்தின் ஆய்வு காட்டியது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். சளிப் பரிசோதனை முடிந்தது, மாத்திரை கொடுத்தாயிற்று, கணக்கில் பெயரும் ஏறியாயிற்று, ஆள் போய்விட்டார். நோயைக் கண்டுபிடித்தோம், நோயாளியின் நிலையைப் பார்க்கவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

இதற்காக 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வந்தது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து செய்வது. காசநோய் என்று தெரிந்த அன்றே சில அளவுகளை எடுக்கச் சொன்னார்கள். உயரமும் எடையும் பார்த்து, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும். இரண்டு காலிலும் வீக்கம் இருக்கிறதா? நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஆக்ஸிஜன் எவ்வளவு? யாருடைய பிடியும் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இதில் ஸ்கேன் இல்லை, பெரிய லேப் இல்லை. எடை மெஷின், உயர அளவுகோல், ஒரு கடிகாரம், ஒரு ஆக்ஸிமீட்டர் போதும். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே போனாலோ, தானாக நிற்க முடியாவிட்டாலோ, உடல் மிகவும் இளைத்திருந்தாலோ, அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம் என்று உலகத்துக்குச் சொன்ன அதே ஊரிலிருந்து, இன்னாரை மட்டும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்ற சொல்லும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. முதல் ஆய்வு நோய்க்கு விடை சொன்னது. இரண்டாவது, நோயாளிகள் எல்லோரும் ஒன்றல்ல என்று சொல்கிறது.

கணினி இதற்கு அப்புறம்தான் வருகிறது. மாநிலம் முழுவதும் எடுத்த இந்த அளவுகள் ஒரு வலைச் செயலியில் சேர்ந்துகொண்டே வந்தன. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை அரசு மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 நோயாளிகளின் பதிவுகளை வைத்து, யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள் என்று ஒப்பிட்டு, ஒரு கணிப்பு முறையை உருவாக்கினார்கள். 2025-இல் அதைச் செயலிக்குள்ளேயே பொருத்திவிட்டார்கள். அளவுகளைப் போட்டதும், இந்த நோயாளி இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையில் வருகிறது. கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கு அது 10 முதல் 50 சதவீதம் வரை போகிறது. மற்றவர்களுக்கு 1 முதல் 4 சதவீதம்தான்.

இதைச் செய்தித்தாள்காரர்கள் செயற்கை நுண்ணறிவு என்பார்கள், கணக்கு படித்தவர்கள் புள்ளியியல் என்பார்கள். பெயரை விட்டுவிடுவோம். பத்து சதவீதமும் ஐம்பது சதவீதமும் முன்பு ஒரே பட்டியலில், 'கடுமை' என்ற ஒரே சொல்லுக்குள் இருந்தன. இப்போது மருத்துவருக்கு வித்தியாசம் கண்ணில் படுகிறது. நாளைக்குச் சேர்க்கலாம் என்று நினைத்தவரை இன்றைக்கே சேர்க்கச் சொல்கிறது. நல்ல காரியம்.

ஆனால் திரையில் 50 என்று வந்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளியைச் சங்கரன்கோவிலுக்கோ தென்காசிக்கோ கொண்டுபோக 108 வர வேண்டும். அங்கே ஆக்ஸிஜனோடு ஒரு படுக்கை இருக்க வேண்டும். கூட இருந்து பார்க்க ஒருவர் கூலி வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். "ஆட்டுக்குட்டியள யாரு பாப்பா?" என்று நோயாளியே வர மறுப்பார்; அவரோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். இதில் எதையும் கணினி செய்யாது. தொடக்கத்தில் அளக்கிற கையும் முடிவில் ஏந்துகிற கையும் மனிதருடையவை. நடுவில் உள்ள கணக்கை மட்டும்தான் கணினி செய்கிறது. இந்தத் திட்டத்தில் நான் மதிப்பது, அது கணிப்பிலிருந்து தொடங்கவில்லை என்பதைத்தான். முதலில் அளக்கவும் சேர்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் கணிப்பைச் சேர்த்தார்கள்.

அளவிலேயே பிழை வந்தால்

அளக்கிற கையைப் பற்றிச் சொன்னேன். அளக்கிற கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கருவி ஆக்ஸிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியபோதும், ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் சிலருக்கு உண்மையில் குறைந்திருந்தது. இப்படி ஏமாற்றியது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. கருவி யாரையும் வெறுக்கவில்லை. அதைச் சோதித்துப் பார்த்த விரல்களில் கருத்த விரல்கள் குறைவு.

வெயிலில் வேலை செய்து கருத்த நம் விரல்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. அதனால்தான் காசநோய்த் திட்டம் ஆக்ஸிஜனை மட்டும் நம்பாமல் மூச்சையும், வீக்கத்தையும், எழுந்து நிற்பதையும் சேர்த்துப் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒரு கருவி தப்பினாலும் மற்றது பிடித்துவிடும். இறப்பைக் கணிக்கும் அந்தக் கணக்கு கற்றுக்கொண்டது நம் தமிழ்நாட்டு நோயாளிகளிடமிருந்து என்பதும் முக்கியம். எங்கோ ஒரு நாட்டில் கற்ற கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டவில்லை.

இன்னொன்று பாருங்கள். சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரை கெடுவதைப் புகைப்படத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கணினி முறையைக் கூகுள் நிறுவனம் உருவாக்கியது. 2016-இல் வெளியான அந்த ஆய்வுக்காக ஏறத்தாழ 1,28,000 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அமெரிக்காவில் எடுத்த படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட நம் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. பரிசோதனைகளில் கண் மருத்துவர்களுக்கு ஈடாகக் கண்டுபிடித்தது. பிறகு தாய்லாந்தில் அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். 2020-இல் அந்த அனுபவத்தை அவர்களே எழுதினார்கள். நர்சுகள் எடுத்த 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணினி ஏற்கவில்லை. அறையை இருட்டாக்க வசதி இல்லாததால் படம் தெளிவாக வரவில்லை. இணைய வேகமும் பல இடங்களில் போதவில்லை. படம் ஏற்கப்படாதவரை இன்னொரு நாள் கண் மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இன்னொரு நாள் ஒரு நாள் கூலி.

இந்தக் கதையில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மதுரைக்குக் கண் காட்டப் போன நம் தாத்தா பாட்டிகளின் விழித்திரைப் படங்களிலிருந்தும் கணினி கற்றது. கற்றதால் உண்டான கருவி யாருக்குச் சொந்தம்? அரவிந்த் குழுமத்தின் ஆரோலேப் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து, பத்து ஆண்டுகளில் 60 லட்சம் பரிசோதனைகளை இலவசமாகச் செய்யப்போவதாக 2024-இல் கூகுள் அறிவித்தது. வரவேற்போம். ஆனால் பாட்டியின் கண்ணைப் பார்த்துக் கற்ற கருவியால் பேத்தியின் கண்ணுக்குப் பயன் உண்டு என்பதை, பிறகு வருகிற அறிவிப்பாக விடாமல், படங்களைக் கொடுக்கும் அன்றே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் என்ன?

கணினிக்கு எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம் என்பதிலும் பிழை வரலாம். அமெரிக்காவில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு கணினி முறையைப் பயன்படுத்தினார்கள். அது நோயின் கடுமையைப் பார்க்காமல், ஒருவருக்கு எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும் என்று கணித்தது. கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை எளிதில் கிடைப்பதில்லை, அதனால் அதே அளவு நோய்க்கும் செலவு குறைவு. ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று கணினி முடிவு கட்டிவிட்டது. 2019-இல் இதை அறிவியலாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். நம் பக்கமும் யோசியுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் யார் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதை வைத்து ஒரு வட்டாரத்தின் நோயைக் கணித்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற முடியாத மலையடிவாரத்து ஊர்கள் எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாகத்தான் காட்டும்.

யாருக்குத் தெரியலாம்?

அடுத்தது பகிர்வு. நம் நோயாளி ஒரே இடத்தில் சிகிச்சை பெறுவதில்லை. முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு சிவகிரி, முடியாவிட்டால் தென்காசி, அதற்கும் மேல் என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. சிலர் இராஜபாளையம் போவார்கள். புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர்களும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் புதிய சீட்டு, புதிய ரத்தப் பரிசோதனை, அதே கேள்விகள். பழைய சீட்டு மஞ்சப்பையில் கசங்கிக் கிடக்கும், இல்லையென்றால் தொலைந்திருக்கும். மாத்திரையின் பெயர் தெரியாது. "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்போம். அதில் சர்க்கரை மாத்திரையும் உண்டு, பிரஷர் மாத்திரையும் உண்டு.

இதற்குத்தான் 'ஆபா' எண் வந்திருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. ஆபா அதில் கிடைக்கும் 14 இலக்க எண். பதிவுகள் எல்லாம் டெல்லியில் ஒரே பெட்டியில் போய்ச் சேருவதில்லை. எந்த ஆஸ்பத்திரியில் உண்டானதோ அங்கேயே இருக்கும். இன்னொரு மருத்துவர் பார்க்க வேண்டுமென்றால் நாம் சம்மதம் தர வேண்டும். எதைப் பார்க்கலாம், எவ்வளவு நாளைக்குப் பார்க்கலாம் என்று நாமே வரம்பு கட்டலாம், பிறகு திரும்பப் பெறலாம். இந்த எண் கட்டாயம் இல்லை. எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. ஏட்டில் இருப்பது இது.

நடப்பில் சம்மதம் என்பது ஓடிபி. பையனின் கைபேசிக்கு வருகிறது, பையன் திருப்பூரில் இருக்கிறான், போனில் கேட்டு வாங்கி வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிடுகிறோம். எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் நேரமில்லை. அவசரத்தில் சொன்ன ஆறு எண்களை நான் சம்மதம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. 2020-இல் கொரோனா தொடங்கியபோது, தனிமையில் இருந்தவர்களின் உடல்நிலைத் தகவலைக் கையாள ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தைக் கேரள அரசு அமர்த்தியது. எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது: ஆள் யாரென்று தெரியாதபடி அடையாளத்தை நீக்கிய பிறகே நிறுவனத்துக்குத் தகவலைத் தரலாம், வெளி நிறுவனம் பார்க்கும் என்பதை மக்களுக்குச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஊரே நோய்க்குப் பயந்து கிடந்த நேரத்திலும் சம்மதத்தை விட்டுவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னதை நாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பயம் வீணானது இல்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளை யாரோ பூட்டிவிட்டார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவமனை பல நாட்கள் காகிதத்தில் ஓபி சீட்டு எழுதியது. 2023 ஜூனில், கோவின் தளத்தில் தடுப்பூசிக்குப் பதிந்தவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அரசு தருகிற சலுகைகளுக்காகத் தகவலைச் சம்மதம் இல்லாமலே கையாள அந்தச் சட்டம் அரசுக்கு வழி விட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலான சுகாதாரத் தகவல் அரசிடம்தான் இருக்கிறது.

தகவல் வெளியே போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், பீடி சுற்றும் வீட்டில் ஒரு பெண்ணுக்கு டிபி என்ற செய்தி தெருவுக்குத் தெரிந்தால் அவள் கல்யாணம் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுக் கேட்கட்டும். அந்தப் பயத்தால் அவள் சளிப் பரிசோதனைக்கே வராமல் போனால், 56,000 பேரிடம் கற்ற கணக்கு இருந்தும் அவளுக்குப் பயனில்லை. ரகசியம் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் சொல்வது இதனால்தான்.

ரகசியம் என்றால் எதையும் யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 கோடையில் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு புகுந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அப்படி ஒரு காய்ச்சலைத் தடுக்க யார் பெயரும் வேண்டாம். இந்த வாரம் எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்ற எண்ணிக்கை போதும். அதைத் தனியார் கிளினிக்கும் சொல்ல வேண்டும், அரசும் ஊருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். நோய்களை உடனுக்குடன் பதியும் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் 2021 ஏப்ரலில் வந்துவிட்டது. தகவல் மேலே போக வழி இருக்கிறது. கீழே வரும் வழியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆளின் தகவல் ஆளுக்கும் அவர் மருத்துவருக்கும் மட்டும். ஊரின் எண்ணிக்கை ஊருக்கு. இந்தக் கோடு தெளிவாக இருந்தால் பாதி சண்டை தீரும்.

நாம் கேட்க வேண்டியவை

கடைசியாக, இந்தக் கூட்டத்திலிருந்து நாம் எடுத்துப் போக வேண்டியவற்றைச் சொல்கிறேன். எல்லாம் நம்மால் ஆகக்கூடியவை.

வீட்டில் மாத்திரை சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். மாத்திரையின் பெயர், அளவு, பிரஷர், சுகர், தேதி. கணினி நின்றாலும் நோட்டு நிற்காது; எய்ம்ஸ் கற்ற பாடம் அது. ஆபா எண் எடுக்கலாம். நான் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடிபி சொல்வதற்கு முன் "எதுக்கு, யாரு பாப்பா, எத்தன நாளைக்கு?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை. படித்த பிள்ளைகள் வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று முதியவர்களுக்கு இதைப் படித்துச் சொல்லலாம்.

பேரூராட்சி மன்றத்தில் மாதம் ஒருமுறை சுகாதாரக் கணக்கை வைக்கச் சொல்லுங்கள்: எத்தனை காய்ச்சல், எத்தனை புதிய காசநோய், அவர்களில் எத்தனை பேரை உடனே சேர்க்க வேண்டியிருந்தது, எத்தனை பேர் உண்மையில் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை நாளில். பெயர் வேண்டாம், எண் போதும். கணினி ஆபத்து என்று சொன்னதற்கும் படுக்கை கிடைத்ததற்கும் நடுவில் எத்தனை நாள் ஆனது என்பதை ஊர் எண்ணத் தொடங்கினால், அந்த நாள் குறையும்.

வீடு வீடாக வருகிற தன்னார்வலப் பெண்களை மறந்துவிடாதீர்கள். நம் மாநிலத்தின் சுகாதாரக் கணினிகளுக்குள் போகிற எண்களில் பல அந்தப் பெண்கள் வெயிலில் நடந்து எடுத்தவை. அவர்களுக்கு நல்ல கருவி, நியாயமான ஊதியம், ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசப் போதுமான நேரம் ஆகிய மூன்றும் இல்லாமல் போனால், அவசரத்தில் எழுதிய எண்தான் கணினிக்குப் போகும். கணினியும் அதை நம்பித்தான் கணிக்கும். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு எவ்வளவு கோடி ஒதுக்கினோம் என்று அரசுகள் சொல்லும்போது, அளக்கிறவர்களுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.